சுங்கை பட்டாணியின் மேல்மாடிகள்: அலுவலக இடத்தின் அளிப்பும் தேவையும்

இடைநிலைப்பள்ளியில் பொருளாதாரப் பாடத்திற்காக 'பெனாவாரான்', 'பெர்மிந்தாஆன்' என்று மலாயில் மனனம் செய்த இரு சொற்களைத் தமிழில் அளிப்பு, தேவை என்கிறோம். தேவை கூடினால் விலை ஏறும். விலை ஏறினால் அளிப்பும் கூடும் என்பது நாம் அறிந்த விதி. ஆனால், கெடாவின் கடலோர மாவட்டமான கோல மூடாவில், சுங்கை பட்டாணியின் புறநகர்க் கடைவரிசைகளைப் பார்க்கும்போது எனக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. கீழ்த்தளத்தில் உணவகமும் மருந்தகமும் நடக்கின்றன. மேல்மாடிச் சன்னலிலோ 'வாடகைக்கு' என்னும் பலகை வெயிலில் வெளுத்துத் தொங்குகிறது. தேவை இல்லாத இடத்தில் அளிப்பு எப்படி வந்தது? இக்கட்டுரை இக்கேள்வியை ஆராய்கிறது.

அளிப்பு வரும் வழி

பினாங்கில் 1972-இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கியது. பின்னர் 1985-இல் பினாங்குப் பாலமும், 1994-இல் முழுமையடைந்த வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையும், 1996-இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவும் வந்தன. பட்டர்வொர்த்திலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சுங்கை பட்டாணி, வேலைக்குப் போய்வருவோர் குடியிருக்கும் பட்டணமாக வளர்ந்தது. ரப்பர், செம்பனைத் தோட்டங்கள் பல தாமான்களாக மாறின.

விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்ற, 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி மாநில அரசின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்ததும் மேம்பாட்டாளர் வீடுகளோடு, தாமானின் முகப்பில் கடைவரிசையையும் சேர்த்தே வரைகிறார். குறைந்த விலை வீடுகளில் கிடைக்காத இலாபத்தைக் கடைகள் ஈடுசெய்யும். ஆகவே, கடைகள் எத்தனை என்பதை வீடுகளின் எண்ணிக்கையும் நிலமும் தீர்மானிக்கின்றன. அலுவலகம் தேடுவோரின் எண்ணிக்கை தீர்மானிப்பதில்லை. கீழ்த்தளம் எழும்பும்போது மேல்மாடியும் கூடவே எழும்பிவிடுகிறது.

தேவை வரும் வழி

அலுவலகத்திற்கான தேவை வழித்தேவையாகும். அதாவது, அலுவலக வேலை இருந்தால்தான் அலுவலக இடம் தேவைப்படும். கூலிமிலும் பினாங்கிலும் உள்ள தொழிற்சாலைகள் தங்கள் அலுவலகத்தைத் தொழிற்சாலை வளாகத்திலேயே வைத்துக்கொள்கின்றன. மாநில அரசின் தலைமை அலுவலகங்கள் அலோர் ஸ்டாரில் உள்ளன. சுங்கை பட்டாணியின் மேல்மாடிகளுக்கு எஞ்சுவோர் வழக்கறிஞர், கணக்காய்வாளர், காப்புறுதி முகவர், டியூஷன் நிலையத்தார் போன்றோரே.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 அடி அகலமும் 70 அடி நீளமும் உள்ள கடையின் மேல்மாடி 1,400 சதுர அடி. இருபது கடைகள் கொண்ட வரிசையில் 28,000 சதுர அடி. ஊழியர் ஒருவருக்கு 150 சதுர அடி என்று கொண்டால், அந்த ஒரு வரிசையை நிரப்பவே ஏறத்தாழ 187 அலுவலக ஊழியர்கள் வேண்டும். மூன்று மாடிக் கடைகளானால் 373 பேர். அடுத்த தாமானிலும் இதே போன்ற வரிசை எழும்புகிறது.

புள்ளிவிவரத்தில் தெரியாத வெற்றிடம்

நாப்பிக் என்னும் தேசிய சொத்துத் தகவல் மையம் அலுவலகக் கட்டடங்களின் நிரப்பு விகிதத்தை வெளியிடுகிறது. ஆனால், அக்கணக்கு அலுவலகத்திற்கென்றே கட்டப்பட்ட கட்டடங்களைப் பற்றியது. கடைவீட்டின் மேல்மாடி அதில் சேராது. கட்டி முடிந்தும், விற்பனைக்கு வந்து ஒன்பது மாதங்களுக்கு மேல் விலைபோகாத கடைகளை 'தேக்கம்' என்று அம்மையம் தனியே கணக்கிடுகிறது. ஒருவர் வாங்கிப் பூட்டி வைத்திருக்கும் மேல்மாடி விற்றுவிட்ட சொத்து என்பதால், அது அந்தக் கணக்கிலும் வராது. விற்பனை முடிந்ததும் காலியிடத்தின் சுமை மேம்பாட்டாளரின் கையிலிருந்து வாங்கியவரின் தோளுக்கு மாறிவிடுகிறது.

அந்தத் தோள் பல வேளைகளில் நம்மவருடையது. 55 வயதில் ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும், தோட்டத்தில் சொந்த நிலமின்றி வாழ்ந்த தலைமுறைக்கு ஒரு கடையாவது வாங்க வேண்டும் என்னும் ஆசை வருவது இயல்பு. என் உறவினர் ஒருவரும் இவ்வாண்டு இதைப் பற்றி என்னிடம் கேட்டார். வாடகை மாதம் 800 வெள்ளி என்றால், ஆண்டுக்கு 9,600 வெள்ளி என்று பெருக்கி வைத்திருந்தார். ஐந்து மாதம் ஆளில்லாமல் கிடந்தால் வருவது 5,600 வெள்ளிதான். மதிப்பீட்டு வரியும் வங்கித் தவணையும் ஆள் வரும்வரை காத்திருப்பதில்லை. அவரிடம் நான் மூன்று காரியங்களைச் செய்யச் சொன்னேன். வேலை நாளொன்றில் அவ்வட்டாரத்திற்குச் சென்று எத்தனை மேல்மாடிகள் இயங்குகின்றன என்று எண்ணுவது. அருகில் இன்னும் எத்தனை கடைகளுக்கு அனுமதி வழங்கப்பட்டுள்ளது என்று நகராண்மைக் கழகத்தில் விசாரிப்பது. அங்கே வாடகைக்கு வரக்கூடியவர் யார் என்பதைத் தொழிலோடு எழுதிப் பார்ப்பது.

முடிவுரை

பட்டம் பெற்றதும் நம்மில் பலர் கோலாலம்பூருக்கோ பினாங்கிற்கோ போய்விடுகிறோம். நம்மோடு அலுவலகத் தேவையும் போய்விடுகிறது. விலை இறங்கினால் தேவை கூடும் என்பதும் நாம் படித்த விதியின் மறுபாதிதானே? வாடகை குறைந்த மேல்மாடி, முதல் குறைந்த பட்டதாரிக்கு ஒரு வாய்ப்பு. ஒரு கணக்காளர், ஒரு வடிவமைப்பாளர், ஓர் ஆசிரியர் ஆகிய மூவர் சேர்ந்தால், 1,400 சதுர அடிக்கான வாடகையைப் பகிர்ந்துகொள்ளலாம். இல்லங்கள் பெருகிய ஊரில் அலுவலகங்களும் பெருக வேண்டுமானால், அவற்றைத் திறப்பவர்கள் அந்த ஊரில் இருக்க வேண்டும். கெடாவிலிருந்து வந்த மாணவர்கள் இதனைச் சிந்தித்துப் பார்க்க வேண்டுகிறேன்.