கோழிக்கும் உண்டு தேய்மானம்

புறக்கடைக் கோழி வளர்ப்புக்குக் கடன் கோரி வரும் விண்ணப்பங்களில் ஒரு பிழையை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். முதலாண்டில் எதிர்பார்க்கும் முட்டைகளின் எண்ணிக்கையே இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளுக்கும் மாறாமல் எழுதப்பட்டிருக்கும். காகிதத்தில் கோழிக்கு வயதாவதில்லை, கொல்லையில் ஆகிறது.

2019-ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்புப்படி நம் நாட்டில் புறக்கடைக் கோழிகள் ஏறத்தாழ 31.7 கோடி. 2018-19 மத்திய நிதிநிலை அறிக்கையின் அறிவிப்பை அடுத்து உழவர் கடன் அட்டை வசதி கால்நடை வளர்ப்போருக்கும் விரிவாக்கப்பட்டது. ஆகவே முட்டை குறைவதன் காரணத்தை அறிவது கடன் பெறுவோருக்கும் தருவோருக்கும் பயன் தரும்.

கோழி முட்டையிட்டுத் தீர்த்துவிட்டது என்று பலர் கருதுகின்றனர். உண்மை வேறு. குஞ்சாகப் பிறக்கும்போதே அதன் சூலகத்தில் ஆயிரக்கணக்கான நுண்ணிய கருமுட்டைகள் உள்ளன; வாழ்நாளில் அது இடுவது சில நூறு மட்டுமே. இருப்பு தீர்வதில்லை, முதிரும் வேகமே தளர்கிறது.

சூலகத்திலிருந்து மஞ்சள் கரு விடுபட்டு முழு முட்டையாக வெளிவர 24 முதல் 26 மணி நேரம் ஆகும். இதில் ஓடு உருவாக மட்டும் ஏறத்தாழ 20 மணி நேரம் செல்லும். இளங்கோழி சில நாள்கள் தொடர்ந்து முட்டையிட்டு ஒரு நாள் ஓயும். வயதாக ஆக, முதிரும் மஞ்சள் கருக்கள் குறைந்து ஓய்வு நாள்கள் கூடுகின்றன. முட்டை பெரிதாகிறது, உணவிலிருந்து சுண்ணாம்புச் சத்தை ஈர்க்கும் திறனோ குறைகிறது. எனவே ஓடு மெலிந்து, இட்ட முட்டைகளிலும் சில உடைகின்றன.

ஆண்டுக்கொரு முறை இறகு உதிரும் பருவத்தில், உண்ணும் புரதம் புதிய இறகுகளுக்குச் செல்வதால் முட்டை இரண்டு மூன்று மாதங்கள் நின்றுபோகலாம். மீண்டும் தொடங்கினாலும் பழைய அளவை எட்டுவதில்லை. பகற்பொழுது குறையும் குளிர்காலத்திலும், அடைகாக்கும் 21 நாள்களிலும் முட்டை நிற்பது தற்காலிகமே. அதனை முதுமை எனக் கொள்ளலாகாது.

இனி கணக்கிற்கு வருவோம். பத்துக் கோழிகள், முதலாண்டில் கோழி ஒன்றுக்கு 150 முட்டைகள், முட்டையின் விலை 8 ரூபாய் எனக் கொள்வோம். முதலாண்டு வரவு 12,000 ரூபாய். இரண்டாம் ஆண்டில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் 9,600 ரூபாய். மூன்றாம் ஆண்டில் மொத்தம் 1,000 முட்டைகளே கிடைத்தால் 8,000 ரூபாய். 36,000 ரூபாய் வரும் என்று நம்பியவருக்குக் கிடைப்பது 29,600 ரூபாய். இனத்திற்கும் பராமரிப்பிற்கும் ஏற்ப எண்கள் மாறலாம், இறங்குமுகம் மாறாது.

நாங்கள் ஒப்புதல் அளித்த திட்டம் ஒன்றிலேயே இப்பிழை இருந்தது. இரண்டாம் ஆண்டின் இடையில் தவணை தடைப்பட்டது. அக்குடும்பத்தினர் உழைப்பில் குறை வைக்கவில்லை. கணக்கைச் சரிபார்த்த நாங்களே அதனைக் கண்டறிந்திருக்க வேண்டும். தவணைகளைத் திருத்தியமைத்த பின்னரே அவர்களின் சுமை குறைந்தது.

அதன்பின் நாங்கள் கூறும் வழிகள் இவை. எல்லாக் கோழிகளையும் ஒரே நேரத்தில் வாங்காமல் ஆண்டுதோறும் ஒரு பகுதியைச் சேர்த்தால், கூட்டில் இளங்கோழிகள் எப்போதும் இருக்கும். வரவு மிகுந்த முதலாண்டில் தவணையைச் சற்று உயர்த்தி, பின்னர் குறைத்துக்கொள்ளலாம். இயந்திரத்திற்குத் தேய்மானம் ஒதுக்குவதுபோல், மாதந்தோறும் ஒரு சிறு தொகையைத் தொடர் வைப்பில் செலுத்தினால் அடுத்த குஞ்சுகளுக்குப் புதிய கடன் தேவைப்படாது. கிளிஞ்சல் தூள் ஓட்டிற்கு வலுவூட்டும். ஆனால் வயதைத் திருப்பாது.

முட்டை குறைந்த கோழி பயனற்றதன்று. ஐதராபாத்தில் உருவாக்கப்பட்ட கிராமப்பிரியா போன்ற இனங்கள் மிகுதியாக முட்டையிடும். அடைகாக்கும் இயல்பு அவற்றில் குறைவு. அம்முட்டைகளை அடைகாக்க வயதான நாட்டுக்கோழி உதவும். அடுத்த முறை கிளைக்கு வரும்போது, உங்கள் கோழிகளின் எண்ணிக்கையோடு அவற்றின் வயதையும் எழுதிக் கொண்டு வாருங்கள். அவ்வயதை வைத்தே தவணையை வகுப்போம்.