பூவரசு: கதியாலும் வைரமும்

இடம்பெயர்ந்து வந்து கொட்டில் போடும் குடும்பம் முதலில் தேடுவது தண்ணீர். அடுத்தது வேலிக்குக் கதியால். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் அதற்குப் பூவரசு நன்கு பழகிய மரம். ஆயினும் வேலிக்கு நடும் முறை வேறு, பலகைக்கு நடும் முறை வேறு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இப்பாடம் அந்த வேறுபாட்டை விளக்குகிறது.

இயல்புகள்

பூவரசு, பருத்தி, வெண்டி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. தாவரவியற் பெயர் தெஸ்பீசியா பொப்புல்னியா. சிங்களத்தில் 'சூரிய' என்பர். காலையில் மஞ்சளாக விரியும் பூ, மாலையில் சிவந்து வாடும். மணல் நிலத்தையும் உப்புக் காற்றையும் தாங்கும். நல்ல வெயில் வேண்டும். புதிதாக வெட்டிய வைரத்தில் ரோசாப்பூ மணம் வீசுவதால் 'பசிபிக் ரோஸ்வூட்' என்ற பெயரும் இதற்குண்டு. ஆனால் ரோஸ்வூட் எனப்படும் ஈட்டி மரம் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது, இதற்கு உறவில்லை.

பயன்கள்

குழையை வயலிலும் தோட்டத்திலும் தாழ்த்தினால் நல்ல பசளை. ஆடு மாடுகளுக்கு உணவு. பட்டையின் நார் கயிறாகும். செங்கபில நிற வைரம் நீடித்து உழைக்கும். வண்டி, வள்ளம், தளபாடம் செய்ய உதவும். பசிபிக் தீவுகளில் இதை 'மிலோ' என அழைத்து, உணவுக் கிண்ணங்கள் கடைகின்றனர்.

கதியால் நடுதல்

1. மாரி தொடங்கும் புரட்டாதி, ஐப்பசி மாதங்களில் நடுங்கள்.
2. மணிக்கட்டுப் பருமனுள்ள முற்றிய கொப்பை ஐந்து, ஆறு அடி நீளத்தில் வெட்டுங்கள். பட்டை கிழியக்கூடாது.
3. அலவாங்கால் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழியிட்டு, அடிப்பக்கம் கீழே இருக்க இறக்கி, மண்ணை இறுக்குங்கள். கதியாலின் தலையில் அடித்து இறக்க வேண்டாம்.
4. முதல் வருடம் குழை வெட்டாதீர்கள். வேர் ஊன்றட்டும்.

பலகைக்கு விதை

பெரிய கொப்பை நட்டு வளர்த்த மரம் முதிரும்போது நடுப்பகுதி கோறையாகிவிடுவது உண்டு. நல்ல பலகை வேண்டுமானால் விதையிலிருந்து வளர்க்க வேண்டும். காய்ந்து கறுத்த காய்களை உடைத்து விதைகளை எடுங்கள். தடித்த விதையோட்டைக் கல்லில் மெதுவாக உரசி, ஓரிரவு நீரில் ஊறவிட்டு, மண் நிரப்பிய பைகளில் இடுங்கள். கன்று ஓரடி உயர்ந்ததும் மாரியில் 12 அடி இடைவெளியில் நடலாம். ஆடு கடிக்காமல் கூடு கட்டுங்கள்.

கவனம்: பருத்தி, வெண்டித் தோட்டத்துக்கு அருகில் நட வேண்டாம். பருத்தியைத் தாக்கும் சிவப்புப் பூச்சி பூவரசிலும் தங்கும்.

எதை எங்கே நடுவது?

1990 இலும் 1995 இலும் வலிகாமத்தை விட்டு வெளியேறியவர்களில் பலர், ஆண்டுகள் கழித்துத் திரும்பியபோது காணி பற்றையாகிக் கிடந்தது. பழைய கிணறும் மரங்களுமே அவர்களுக்கு அடையாளமாயின. துளிர்த்த கதியால் எல்லைக்குச் சாட்சி. ஆகையால் பிறர் காணியில் குடியிருப்போர் உரிமையாளரைக் கேட்டே கதியால் நட வேண்டும். சொந்தக் காணியிலும் உறுதியைப் பார்த்து, அயலவரையும் கூட்டிவைத்து நடுங்கள்; பின்னர் வேலிச் சண்டை வராது.

வேரூன்றிய கதியாலைப் பிடுங்கிக்கொண்டு போக முடியாது. பையிலுள்ள கன்றைக் கொண்டு போகலாம். இருக்கும் இடத்தில் இன்றைய குழைக்குக் கதியால் நடுங்கள். திரும்பப் போகும் காணிக்குப் பத்துக் கன்றாவது பையில் வளர்த்து வையுங்கள்.

குழுவாகக் கலந்துரையாட

1. நமது வேலியிலுள்ள மரங்களில் எவை குழைக்கு, எவை பலகைக்கு உகந்தவை?
2. நாம் இப்போது இருக்கும் காணியில் மரம் நடுவது பற்றி உரிமையாளருடன் பேசியிருக்கிறோமா?