பல்லூடகம்: காணொளிக் கோப்புகளை மாற்றும்போது தோன்றும் கொடெக் சிக்கல்கள்

மாணவர்களே, உங்கள் பாடசாலையில் இல்ல மெய்வல்லுநர் போட்டி நடைபெற்றது எனக் கொள்வோம். அஞ்சலோட்டத்தின் கடைசிச் சுற்றை நண்பர் ஒருவர் தமது கைத்தொலைபேசியில் பதிவு செய்தார். அக்கோப்பைக் கணினி அறைக்குக் கொண்டுவந்து, மாற்று மென்பொருளொன்றினுள் இறக்குமதி செய்கிறீர்கள். ஒலி கேட்கிறது, படம் கறுப்பாக இருக்கிறது. அல்லது "ஆதரிக்கப்படாத வடிவம்" என்ற செய்தி தோன்றுகிறது. இந்நிலையில் பலர் கோப்பு பழுதடைந்துவிட்டது என்று முடிவு செய்து அதனை அழித்துவிடுகின்றனர். அந்தப் பதிவு வேறெங்கும் இல்லையென்றால் இழப்பு நிரந்தரமானது. உண்மையில் இத்தகைய கோப்புகளிற் பல எவ்விதப் பழுதும் அற்றவை.

இதனை விளங்கிக்கொள்ள ஒரு சிறு கணிப்பைச் செய்து பார்ப்போம். 640 × 480 அளவுடைய படச் சட்டகம் ஒன்றில் 307,200 படத்துணுக்குகள் உள்ளன. ஒவ்வொன்றின் நிறத்துக்கும் 3 பைற்று வீதம் ஒரு சட்டகத்துக்கு 921,600 பைற்றுகள் தேவை. செக்கனுக்கு 25 சட்டகங்கள் எனின், ஒரு செக்கனுக்கு 23,040,000 பைற்றுகள். 700 மெகாபைற்று கொள்ளளவுள்ள இறுவட்டு ஒன்றில் அரை நிமிடத்துக்குச் சற்றுக் கூடிய காட்சியே அடங்கும். அதுவும் ஒலி இல்லாமல்! ஆயினும் முன்னர் வீடுகளில் பார்த்த வீ.சி.டி. இறுவட்டில், படத்தின் அளவு சிறிதாயினும், ஒரு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட படம் இருந்தது. இதனைச் சாத்தியமாக்கியது தரவு நெருக்கல் ஆகும்.

காணொளியை நெருக்கிக் குறியாக்கம் செய்வதும், பார்க்கும்போது அதனை விரித்துக் குறிநீக்கம் செய்வதும் கொடெக் எனப்படும் மென்பொருட் கூறின் வேலை. ஒரு முறையில் நெருக்கப்பட்ட தரவை அம்முறை அறிந்த குறிநீக்கியே விரிக்க முடியும். எச்.264 என்னும் முறை 2003 இலும், எச்.265 அல்லது எச்.இ.வீ.சி. என்னும் முறை 2013 இலும் நியமமாக வெளியிடப்பட்டன. பின்னையது ஏறக்குறைய பாதி அளவு தரவுடன் அதே தரத்தைத் தரக்கூடியது. ஆனால் அது வெளிவருவதற்கு முன்னர் எழுதப்பட்ட மென்பொருளுக்கு அதுபற்றி எதுவும் தெரியாது.

இனி, பரீட்சையிலும் நடைமுறையிலும் மாணவர்கள் அதிகம் தவறிழைக்கும் இடத்துக்கு வருவோம். எம்.பி.4, ஏ.வி.ஐ., எம்.கே.வீ., எம்.ஓ.வீ. என்பன கொடெக்குகள் அல்ல, அவை கொள்கலன்கள். சாப்பாட்டுப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் வடிவத்தைப் பார்த்து உள்ளே சோறா இடியப்பமா என்று சொல்ல முடியாது. அவ்வாறே எம்.பி.4 என்னும் கொள்கலனுள் எச்.264 படமும் இருக்கலாம், எச்.265 படமும் இருக்கலாம். ஒலிக்கென வேறொரு கொடெக் இருக்கும். ஆகவேதான் "நேற்று ஒரு எம்.பி.4 கோப்பு திறந்தது, இன்று இன்னொன்று திறக்கவில்லை" என்ற நிலை ஏற்படுகிறது. கோப்பின் நீட்சியை மட்டும் மாற்றிப் பெயரிடுவது பெட்டியின் மேலுள்ள தாளை மாற்றி ஒட்டுவது போன்றது, உள்ளிருப்பது மாறாது.

சிக்கலைத் தீர்க்க முன்னர் முதலில் செய்யவேண்டியது, மூலக் கோப்பின் பிரதியொன்றை வேறிடத்திற் சேமிப்பதாகும். எல்லாப் பரிசோதனைகளையும் பிரதியிலேயே செய்யுங்கள். தொலைபேசியிலுள்ள மூலத்தையும் வேலை முடியும் வரை அழிக்கவேண்டாம்.

அடுத்து, உள்ளே இருப்பது என்ன என்று பாருங்கள். மீடியாஇன்ஃபோ என்னும் இலவச மென்பொருள், கொள்கலன், பட கொடெக், ஒலி கொடெக், சட்டக வீதம் ஆகியவற்றைக் காட்டும். வீ.எல்.சி. இயக்கியில் கோப்பைத் திறந்து, கருவிகள் பட்டியிலுள்ள கொடெக் தகவல் என்பதைத் தெரிவுசெய்தும் இவற்றை அறியலாம். வீ.எல்.சி. தனக்குத் தேவையான குறிநீக்கிகளைத் தன்னுள்ளேயே கொண்டுள்ளது. எனவே அதில் படம் ஓடினால் கோப்பு பெரும்பாலும் நல்ல நிலையில் உள்ளது, குறை மாற்று மென்பொருளில் என்று கொள்ளலாம். அதேவேளை, வீ.எல்.சி. நிறுவப்பட்டிருப்பதால் ஏனைய மென்பொருள்களுக்கு அக்குறிநீக்கிகள் கிடைத்துவிடும் என எண்ணுவது தவறு.

மாற்று மென்பொருள்கள் இருவகைப்படும். ஒருவகை, பணிசெயல் முறைமையில் நிறுவப்பட்டுள்ள குறிநீக்கிகளை இரவல் வாங்குவது. மற்றையது, ஹாண்ட்பிரேக், எஃப்.எஃப்.எம்பெக் போன்று தன் குறிநீக்கிகளைத் தானே கொண்டிருப்பது. முதல் வகைக்குக் குறித்த கொடெக்கை முறைமையில் நிறுவினால் பயன் உண்டு. ஆயினும் 64 பிற்று மென்பொருளினால் 32 பிற்று கொடெக்கைப் பயன்படுத்த முடியாது என்பதைக் கவனிக்க. "நிறுவிவிட்டேன், இன்னும் வேலை செய்யவில்லை" என்ற முறைப்பாட்டுக்கு இது ஒரு பொதுவான காரணம். இரண்டாம் வகைக்கு வெளியிலிருந்து கொடெக் நிறுவுவதால் எவ்விதப் பயனும் இல்லை. அம்மென்பொருளின் புதிய பதிப்பைப் பெறுவதே வழி. எமது அபிப்பிராயப்படி, கணினி அறைக்கு இரண்டாம் வகையே ஏற்றது. கொடெக் தேடி அலையவேண்டிய தேவை அங்கு மிகக் குறைவு.

அலைவதில் ஆபத்தும் உண்டு. 2005 இன் இறுதியில் இனங்காணப்பட்ட ஸ்லொப் என்னும் துரோஜன், "இக்காணொளியைப் பார்க்க இந்த கொடெக் தேவை" என்று கூறியே கணினிகளுள் நுழைந்தது. பயனர் தாமே கதவைத் திறந்துவிட்டனர். பழைய கைந்நூல்கள் சில, எம்.ஓ.வீ. கோப்புகளுக்காக விண்டோசில் குயிக்டைம் நிறுவுமாறு கூறும். 2016 இல் அப்பிள் நிறுவனம் அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டமையால் அதனை இன்று நிறுவுவது பாதுகாப்பானதல்ல.

இப்போது அஞ்சலோட்டக் கோப்புக்குத் திரும்புவோம். அது ஐஃபோனில் எடுக்கப்பட்டது எனின், 2017 இல் வெளிவந்த ஐ.ஓ.எஸ். 11 முதல் அவ்வகைத் தொலைபேசிகளிற் பல எச்.இ.வீ.சி. முறையிலேயே பதிவு செய்கின்றன. ஒலி கேட்டுப் படம் தெரியாமைக்குக் காரணம் இதுவே: ஒலிக் குறிநீக்கி கணினியில் உண்டு, படக் குறிநீக்கி இல்லை. ஹாண்ட்பிரேக் மூலம் அதனை எச்.264 ஆக மாற்றிக்கொள்ளலாம். அடுத்த போட்டிக்கு முன்னர் தொலைபேசியின் கமரா அமைப்பில் வடிவங்கள் என்பதற்குச் சென்று, கூடிய இணக்கமுள்ள தெரிவை எடுத்துவிட்டால் இவ்வேலையே மிச்சம். பழைய தொலைபேசிகளின் 3ஜி.பி. கோப்புகளில் இதற்கு மறுதலையாகப் படம் தெரியும், ஒலி இராது. அவற்றின் பேச்சொலி ஏ.எம்.ஆர். முறையில் இருப்பதும், மென்பொருளில் அதற்கான குறிநீக்கி இன்மையும் காரணமாகலாம்.

படமும் ஒலியும் உண்டு, ஆனால் போகப்போக உதட்டசைவும் பேச்சும் விலகுகின்றன எனின், அது கொடெக் இன்மையால் அன்று. தொலைபேசிகள் வெளிச்சத்துக்கேற்பச் சட்டக வீதத்தை மாற்றிக்கொள்வதுண்டு. மாற்றும்போது மாறாச் சட்டக வீதம் என்னும் தெரிவை இடுங்கள்.

இன்னொரு குறிப்பு. கொடெக் பொருத்தமானது, கொள்கலனே பொருந்தவில்லை எனின் மீண்டும் குறியாக்கம் செய்யத் தேவையில்லை. எம்.கே.வீ. கோப்பினுள் எச்.264 இருந்தால், எஃப்.எஃப்.எம்பெக்கில் பிரதிசெய்யும் தெரிவைக் கொண்டு அத்தரவை அப்படியே எம்.பி.4 கொள்கலனுக்கு மாற்றலாம். தரம் குறையாது, வேலையும் விரைவில் முடியும். மீள்குறியாக்கமோ ஒவ்வொரு தடவையும் சிறிதளவு தரத்தை இழக்கச் செய்யும்.

மாதிரி வினாக்கள்

1. மாணவன் ஒருவன் ஏ.வி.ஐ. கோப்பொன்றின் நீட்சியை எம்.பி.4 எனப் பெயர்மாற்றி, "கோப்பை மாற்றிவிட்டேன்" என்றான். அவனது கூற்றுச் சரியானதா? காரணம் தருக.

விடை: சரியன்று. நீட்சி கோப்பின் பெயரில் ஒரு பகுதி மட்டுமே. கொள்கலனின் அமைப்போ உள்ளேயுள்ள தரவின் நெருக்கல் முறையோ மாற்றமடையவில்லை. ("பிழை" என்று மட்டும் எழுதினால் முழுப் புள்ளி கிடையாது, காரணம் அவசியம்.)

2. பதிவு செய்துகொண்டிருக்கையில் மின்கலம் தீர்ந்து தொலைபேசி நின்றுவிட்டது. கிடைத்த எம்.பி.4 கோப்பு 180 மெகாபைற்று அளவுடையது. எனினும் எந்த மென்பொருளிலும், வீ.எல்.சி.யிலும்கூட, அது திறக்கவில்லை. இது கொடெக் சிக்கலா? விளக்குக.

விடை: அன்று. எம்.பி.4 கோப்பில் ஒவ்வொரு சட்டகமும் எங்குள்ளது என்பதைக் கூறும் சுட்டி, வழக்கமாகப் பதிவு முடிவடையும்போதே எழுதப்படும். பதிவு இடையில் நின்றதால் அது எழுதப்படவில்லை. படத்தரவு உள்ளே இருப்பினும் மென்பொருளுக்கு வழி தெரியாது. புதிய கொடெக் நிறுவுவதால் பயனில்லை. அதே தொலைபேசியில் அதே அமைப்புடன் எடுக்கப்பட்ட நல்ல கோப்பொன்றை மாதிரியாகக் கொண்டு சுட்டியை மீளமைக்கும் திருத்தக் கருவிகள் உள்ளன. ஆகவே இக்கோப்பையும் அழிக்கக்கூடாது. பிரதியெடுக்கும்போது இடையில் நின்ற கோப்பிலும் இதே அறிகுறி தோன்றலாம். அவ்வாறாயின் மூலத்தினதும் பிரதியினதும் அளவுகளை ஒப்பிட்டு, வேறுபடின் மீண்டும் பிரதியெடுத்தால் போதும்.