சுவிட்சுக்குள் எந்த இடத்தில் நிற்கிறோம்?



கடையில் பில் போடும் கணினிகளை ஒன்றாக இணைக்கும் பெட்டிதான் நெட்வொர்க் சுவிட்ச். சிஸ்கோ நிறுவனத்தின் சுவிட்சில் அமைப்புகளை மாற்ற, ஆங்கிலத்தில் கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டும். அதில் முக்கியமான நிலைகள் நான்கு. திரையில் தோன்றும் குறியே நாம் நிற்கும் இடத்தைக் காட்டும்.

1. > குறி, கடை வாசல். சிலவற்றைப் பார்க்கலாம், அமைப்பை மாற்ற முடியாது.

2. 'எனேபிள்' என அடித்துக் கடவுச்சொல் தந்தால் # குறி வரும். இது கல்லா. எல்லாம் பார்க்கலாம், சேமிக்கலாம்.

3. அடுத்து 'கான்ஃபிகர் டெர்மினல்'. # குறிக்கு முன் அடைப்புக்குள் 'கான்ஃபிக்' என்று வரும். இது கிடங்கு. இங்கே செய்யும் மாற்றம் சுவிட்ச் முழுவதற்கும் பொருந்தும்.

4. 'இன்டர்ஃபேஸ்' என்று துளையின் எண்ணோடு அடித்தால், கேபிள் சொருகும் அந்த ஒரு துளையை மட்டும் மாற்றலாம். கிடங்கில் ஓர் அலமாரி போல.

கிடங்கிலிருந்தும் அலமாரியிலிருந்தும் 'எக்ஸிட்' ஒரு படி பின்னே கொண்டுவரும். 'எண்ட்' நேரே கல்லாவுக்குக் கொண்டுவரும். எங்கே நின்றாலும் ? அடித்தால் அங்கே செல்லும் கட்டளைகள் வரிசையாக வரும்.

மாற்றம் உடனே அமலாகும். ஆனால் மின்சாரம் போனால் அழிந்துவிடும். கல்லாவுக்கு வந்து 'காப்பி ரன்னிங்-கான்ஃபிக் ஸ்டார்ட்அப்-கான்ஃபிக்' அடித்தால்தான் நிலைக்கும். சிட்டையில் குறித்ததைப் பேரேட்டில் ஏற்றுவது போல.

கூடுவாஞ்சேரியில் என் கடைக்கு ஒரு தீபாவளி நேரத்தில் வந்தவர் இதை மறந்து போனார். மறுநாள் மின்தடை. அதன்பின் இரண்டு கணினிகள் இணைப்பின்றி நின்றன; கூட்டத்தின் நடுவே கையால் பில் எழுதினோம்.

ஆகவே, "பேரேட்டில் ஏற்றியாயிற்றா?" என்று கேட்ட பிறகே கூலி கொடுங்கள்.