அவன் இடத்தில் அமர்ந்து பார்த்தபோது: நடத்தையியலும் சூழலியல் உளவியலும்

ஆறாம் வகுப்பில் ஒரு மாணவன். கரும்பலகையில் நான் 38 என்று எழுதினால் அவன் குறிப்பேட்டில் 33 இருக்கும். கூட்டல் குறி பெருக்கல் குறியாகிவிடும். கவனக்குறைவு என்று முடிவு செய்தேன். பி.எட். படித்தபோது மனத்தில் பதிந்த வலுவூட்டல் நினைவுக்கு வந்தது. பிழையின்றி எழுதி வந்தால் குறிப்பேட்டில் ஒரு நட்சத்திரம் என்று அறிவித்தேன். மூன்று வாரங்களில் மற்றவர்களுக்கு நட்சத்திரங்கள் சேர்ந்தன. அவனுக்கு இரண்டே இரண்டு. பிறகு அவன் எழுதுவதையே நிறுத்திவிட்டான்.

ஒரு நாள் காலை அவன் குறிப்பேட்டைத் திருத்துவதற்காக அவன் பக்கத்திலேயே அமர்ந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது திடுக்கிட்டேன். சன்னல் வெளிச்சம் பட்டு, பலகையின் வலப்பக்கம் முழுவதும் பளபளத்தது. நான் எழுதியதில் பாதி எனக்கே தெரியவில்லை. நான் நின்று கற்பிக்கும் இடத்திலிருந்து அதே பலகை மிகத் தெளிவாக இருந்தது.

அந்த நாளுக்குப் பிறகுதான் சூழலியல் உளவியலைத் தேடிப் படித்தேன்.

இருவரும் ஒப்புக்கொள்வது

நடத்தையியல் நமக்குப் பழக்கமானது. 1913இல் ஜான் வாட்சன், உளவியல் என்பது கண்ணால் காணக்கூடிய நடத்தையை ஆராய வேண்டும் என்றார். தார்ன்டைக்கின் புதிர்ப்பெட்டிப் பூனைகளையும் ஸ்கின்னரின் எலிகளையும் புறாக்களையும் நாம் தேர்வுக்காகப் படித்திருக்கிறோம்.

ஸ்கின்னர் பிறந்த அதே 1904ஆம் ஆண்டில் பிறந்தவர் ஜேம்ஸ் கிப்சன். சூழலியல் உளவியலின் தந்தை எனக் கருதப்படுபவர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இவருக்குக் கற்பித்த எட்வின் ஹோல்ட், நடத்தையியல் சார்பு கொண்டவர். ஆகவே இரண்டும் முற்றிலும் அந்நியமான கொள்கைகள் அல்ல. குழந்தை ஏன் இப்படிச் செய்கிறது என்ற கேள்விக்கு, 'அதன் மண்டைக்குள் ஏதோ குறை' என்று பதில் சொல்லி முடித்துவிடுவதை இரண்டும் ஏற்பதில்லை. சூழலைப் பார் என்கின்றன இரண்டும்.

பிரியும் இடம்

சூழலில் எதைப் பார்ப்பது என்பதில்தான் வேறுபாடு. ஸ்கின்னர், செயலுக்குப் பின் என்ன நிகழ்கிறது என்று பார்க்கச் சொல்கிறார். பலன் கிடைத்த செயல் மீண்டும் நிகழும். கிடைக்காதது மெல்ல மறையும். கிப்சன், செயலுக்கு முன்னும் செயலின்போதும் அந்த உயிருக்கு என்ன புலப்படுகிறது என்று பார்க்கச் சொல்கிறார்.

புலன்காட்சி என்பது தூண்டலுக்குக் கிடைக்கும் துலங்கல் அன்று என்பது கிப்சனின் கருத்து. கண்ணையும் தலையையும் திருப்பி, நடந்து, தொட்டு, உயிர்கள் தகவலைத் தாமே தேடி எடுக்கின்றன. சூழலில் உள்ள ஒவ்வொரு பொருளும் ஓர் உயிருக்குச் சில செயல்களுக்கு இடம் தருகிறது. இதை அவர் 'அஃபோர்டன்ஸ்' என்றார். நாம் செயல்வாய்ப்பு எனலாம். நாற்காலி நமக்கு அமரும் வாய்ப்பு. தவழும் குழந்தைக்கு அது பிடித்து எழும் வாய்ப்பு. 1979இல் வெளியான தம் கடைசி நூலில் இதை விரிவாக எழுதினார். அவர் மறைந்ததும் அதே ஆண்டில்தான்.

இரண்டு ஆய்வுகள்

கிப்சனின் துணைவியார் எலினார் கிப்சனும் ரிச்சர்ட் வாக்கும் 1960இல் வெளியிட்ட 'காட்சிப் பள்ளம்' ஆய்வு புகழ்பெற்றது. உறுதியான கண்ணாடிப் பரப்பு. ஒரு பாதியில் கட்டம் போட்ட துணி கண்ணாடியை ஒட்டியே இருக்கும். மறு பாதியில் அது சில அடி கீழே, பள்ளம்போல் தெரியும். 6½ முதல் 14 மாதம் வரையான 36 குழந்தைகளை நடுப்பலகையில் விட்டு, தாய்மார் இரு பக்கமிருந்தும் மாறி மாறி அழைத்தனர். 27 குழந்தைகள் நகர்ந்தன. பள்ளப் பக்கம் சென்றவை 3 மட்டுமே. தாயைவிடப் பெரிய பரிசு அந்த வயதில் ஏது? ஆனாலும் எதிரே தெரிந்த தரை தாங்கும் தரையாகப் புலப்படவில்லை. அதனால் பெரும்பாலான குழந்தைகள் அந்தப் பக்கம் போகவில்லை.

இன்னொன்று, 1984இல் வில்லியம் வாரன் செய்தது. கையூன்றாமல் எந்த உயரப் படியில் ஏற முடியும் என்று, பார்த்த அளவிலேயே சொல்லச் சொன்னார். உயரமானவர்களும் குள்ளமானவர்களும் வெவ்வேறு உயரங்களைச் சொன்னார்கள். ஆனால் அவரவர் கால் நீளத்தோடு ஒப்பிட்டபோது எல்லை ஒன்றாகவே இருந்தது: கால் நீளத்தில் சுமார் 0.88 பங்கு. அதாவது, படியின் உயரத்தை மட்டும் அளந்தால் போதாது. ஏறுபவரையும் சேர்த்தே அளக்க வேண்டும். வகுப்பறையும் அப்படித்தான். என் வகுப்பில் இருந்தது ஒரே பலகை. ஆனால் 40 இருக்கைகளிலிருந்து அது 40 விதமாகத் தெரிந்தது.

வகுப்பறையில் செய்யக்கூடியவை

1. வாரம் ஒருமுறை வெவ்வேறு மாணவரின் இடத்தில் அமர்ந்து பலகையைப் பார்ப்போம். காலை வெளிச்சம் வேறு, மாலை வெளிச்சம் வேறு.

2. சிறு குழந்தையின் கால் தரையில் படுகிறதா என்று கவனிப்போம். கால் தொங்கினால் உடல் நெளியும். அதை அடங்காமை என்று எண்ணிவிடுகிறோம்.

3. கிப்சன் இணையர் 1955இல் எழுதிய கட்டுரையின்படி, புலன்வழிக் கற்றல் என்பது ஏற்கெனவே முன்னால் இருப்பதில் நுண்ணிய வேறுபாட்டைக் காணப் பழகுவது. 'ன'வையும் 'ண'வையும் தனித்தனியே பத்து முறை எழுதச் சொல்வதைவிட, இரண்டையும் அருகருகே வைத்துச் சுழிகளைக் குழந்தையே எண்ணிக் கண்டுபிடிக்கச் செய்வோம்.

4. இடம் மாற்றியும் தெளிவாகத் தெரியவில்லை என்றால் கண் பரிசோதனைக்கு அனுப்பத் தயங்க வேண்டாம்.

இதனால் நட்சத்திரமும் பாராட்டும் வேண்டாம் என்று பொருளல்ல. பயிற்சியில் ஊக்கம் தளராமல் இருக்க அவை உதவும். நினைவு, மனக்கணக்கு போன்றவற்றை விளக்க கிப்சனின் கொள்கை மட்டும் போதாது என்று கூறும் உளவியலாளர்களும் உண்டு. வரிசைதான் முக்கியம். முதலில் குழந்தைக்குப் புலப்படுகிறதா என்று பார்ப்போம். வலுவூட்டலைப் பிறகு யோசிப்போம். கண்ணுக்குத் தெரியாததைச் சரியாக எழுதினால் பரிசு என்பது, தெரியாமைக்குத் தண்டனை கொடுப்பதாகவே முடியும். நான் மூன்று வாரம் செய்தது அதைத்தான்.

அந்த மாணவனை நடு வரிசைக்கு மாற்றினேன். சன்னலுக்கு ஒரு பழைய துணியைத் திரையாகக் கட்டினோம். மறுநாளே அவன் மீண்டும் எழுதத் தொடங்கினான். இப்போதும் கணக்கில் தவறு செய்கிறான். ஆனால் அவை உண்மையிலேயே கணக்கில் செய்யும் தவறுகள். அவற்றை என்னால் கற்றுக்கொடுத்துத் திருத்த முடியும்.