முடிவெடுப்பது யார்? கருவியா, நீங்களா?

எஸ்.பி.எம். முடிவுகள் வந்ததும் ஆறாம் படிவமா, மெட்ரிகுலேஷனா, பாலிடெக்னிக்கா என்ற கேள்வி எழும். முன்பெல்லாம் ஆசிரியரிடமோ அண்ணன், அக்காவிடமோ கேட்போம். இன்று பலர் சாட்ஜிபிடி போன்ற ஆக்கமுறைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் கேட்கிறார்கள். கேட்பதில் தவறில்லை. ஆனால், பதிலை எந்த அளவுக்கு நம்பலாம் என்று தெரிந்துகொண்டு கேட்க வேண்டும்.

பதில் எப்படி உருவாகிறது?

‘காக்கைக்கும் தன் குஞ்சு...’ என்று ஒருவர் தொடங்கினால், ‘பொன் குஞ்சு’ என்று நீங்கள் உடனே முடிப்பீர்கள். எந்தக் காக்கைக் குஞ்சையும் நீங்கள் சோதித்துப் பார்த்ததில்லை. பலமுறை கேட்ட சொற்றொடர் என்பதால் தானாக வருகிறது. மொழி மாதிரிகளும் ஏறக்குறைய இப்படித்தான் இயங்குகின்றன. கோடிக்கணக்கான பக்கங்களில் பயிற்சி பெற்று, அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணிக்கின்றன. அந்தக் கணிப்பு பெரும்பாலும் உண்மையோடு பொருந்தும். பொருந்தாதபோதும் நடை அதே உறுதியோடுதான் இருக்கும். இல்லாததை இருப்பதாகச் சொல்லும் இந்த இயல்பை ‘மாயத்தோற்றம்’ என்பார்கள்.

நியூயார்க்கில் நடந்தது

2023ஆம் ஆண்டு, அவியான்கா விமான நிறுவனத்திற்கு எதிரான வழக்கு ஒன்றில், பயணியின் வழக்கறிஞர்கள் பழைய தீர்ப்புகள் சிலவற்றை மேற்கோள் காட்டினர். நீதிமன்றம் தேடிப் பார்த்தபோது அத்தகைய தீர்ப்புகளே இல்லை. அவை சாட்ஜிபிடி உருவாக்கியவை. ‘இவை உண்மையானவையா?’ என்று வழக்கறிஞர் அதே கருவியிடம் கேட்டிருந்தார். அதுவும் ‘ஆம்’ என்றது! நீதிபதி 5,000 அமெரிக்க டாலர் அபராதம் விதித்தார்.

கருவி சொன்னதைக் கருவியிடமே கேட்பது சரிபார்ப்பு ஆகாது. சான்று வெளியிலிருந்து வர வேண்டும்.

பொறுப்பு யாருடையது?

பாட்டியை இழந்த பயணி ஒருவருக்கு, துக்கக் காலக் கட்டணச் சலுகைக்குப் பயணத்திற்குப் பிறகும் விண்ணப்பிக்கலாம் என்று ஏர் கனடாவின் உரையாடல் செயலி கூறியது. நிறுவனத்தின் விதி அப்படி இல்லை. செயலி தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்ற பாணியில் நிறுவனம் வாதிட்டது. 2024 பிப்ரவரியில் கனடாவின் தீர்ப்பாயம் அதை ஏற்க மறுத்து, இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. கருவியைப் பயன்படுத்துபவரே அதன் விளைவுக்குப் பொறுப்பு என்பது இதில் தெளிவானது.

நம் நாட்டிலும் அறிவியல், தொழில்நுட்பம், புத்தாக்க அமைச்சு 2024 செப்டம்பரில் செயற்கை நுண்ணறிவு நெறிமுறை வழிகாட்டியை வெளியிட்டது. அதன் ஏழு கோட்பாடுகளில் நியாயம், வெளிப்படைத்தன்மை, தனியுரிமை, பொறுப்புடைமை ஆகியவை இடம்பெற்றுள்ளன.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. மூலத்தைப் பாருங்கள். விண்ணப்பத்தின் கடைசி நாள், நுழைவுத் தகுதி போன்றவற்றைக் கல்வி நிலையத்தின் அதிகாரத்துவ அகப்பக்கத்தில் உறுதி செய்யுங்கள். தவறான தேதியை நம்பினால் ஓர் ஆண்டே வீணாகலாம்.

2. எதிர்மாறாகவும் கேளுங்கள். ‘மெட்ரிகுலேஷன் எனக்கு ஏன் ஏற்றது?’ என்று கேட்டால் காரணங்களை அடுக்கும். ‘ஏன் ஏற்றதல்ல?’ என்று கேட்டாலும் அடுக்கும். இரண்டையும் எடைபோட வேண்டியவர் நீங்கள்.

3. தனிப்பட்ட விவரங்களைக் கொடுக்காதீர்கள். அடையாள அட்டை எண், நண்பரின் தேர்ச்சி அறிக்கை, குடும்ப வருமானம் ஆகியவை உங்களிடமே இருக்கட்டும்.

4. மறைக்காதீர்கள். கருவியின் உதவியோடு செய்த வேலையை அப்படியே சொல்லுங்கள்.

5. பெரிய முடிவு என்றால் மனிதரிடம் பேசுங்கள். உங்கள் வீட்டுச் சூழலும் மன விருப்பமும் வழிகாட்டி ஆசிரியருக்குப் புரியும்.

சிந்தித்துப் பாருங்கள்

அ) பள்ளி மன்றத் தலைவரைத் தேர்ந்தெடுக்க, வேட்பாளர்களின் கட்டுரைகளைக் கருவி மதிப்பிட்டால் யாருக்கு அநீதி நேரலாம்?

ஆ) அந்தத் தேர்வு தவறானால், பதில் சொல்ல வேண்டியவர் யார்?