தலைமையும் ஒரு தொழிலே. அதையும் பழக வேண்டும்



நம் கடையில் புதிதாக ஒரு பையன் வேலைக்குச் சேர்ந்தால், அவனை முதல் நாளே கல்லாவில் உட்கார வைப்போமா? மாட்டோம். முதலில் கடையைக் கூட்டச் சொல்லுவோம். பிறகு சாமான்களை அடுக்கவும் நிறுக்கவும் கட்டவும் பழக்குவோம். அதன்பின் வாடிக்கைக்காரர்களிடம் பேச விடுவோம். கணக்கு எழுதச் சொல்லுவோம். கொள்முதலுக்குக் கூட அழைத்துப் போவோம். இத்தனையும் ஆகிச் சில வருஷங்கள் கழிந்த பிறகே கல்லாச் சாவி அவன் கைக்குப் போகும். நம் பணம் நம் கண்முன் இருக்கும் இடத்தில் நாம் இவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கிறோம்.

ஆனால் நம் சங்கங்களுக்கு ஒரு தலைவரையோ காரியதரிசியையோ எப்படித் தெரிந்தெடுக்கிறோம்? மகாசபை கூடுகிறது. ஒருவர் பெயரைச் சொல்லுகிறார், இன்னொருவர் ஆமோதிக்கிறார், மற்றவர்கள் கை தட்டுகிறார்கள். காரியம் கால் மணி நேரத்தில் முடிந்து விடுகிறது. அன்றிரவு முதல் எத்தனையோ குடும்பங்களின் பொதுக்காரியம் அவர் பொறுப்பு. அவர் தம் கடையை நன்றாக நடத்துபவராக இருக்கலாம். ஆயினும் தன் கடையை நடத்துவது ஒரு தொழில், பலருடைய காரியத்தை நடத்துவது வேறொரு தொழில். முன்னதை வருஷக்கணக்காகப் பழகினோம். பின்னதைப் பழக வேண்டும் என்ற எண்ணமே நம்மிடம் இல்லை.

இங்கே தலைவர் என்று நாம் சொல்லுவது மந்திரிகளையும் பெருந்தனவந்தர்களையும் அன்று. பங்சார் பாருவிலும் லக்கி கார்டனிலும், பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் உள்ள நம்மவர் ஒருவருக்கு அரசாங்க அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தால், அதைக் கையில் எடுத்துக்கொண்டு முதலில் எவரிடம் ஓடுகிறாரோ, அவரே நம் கருத்தில் தலைவர். அவர் தெரியாமல் ஒரு வார்த்தை தவறாகச் சொல்லி விட்டால், அபராதம் கட்டுவது அவர் அல்லர். நம்பி வந்தவரே கட்டுகிறார். ஆகவே தலைமையைப் பழகுவது பெருமைக்குரிய காரியமன்று, அது ஒரு அமானத்தின் பாற்பட்ட கடமை. மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் படித்ததோடு கடைக்கு வந்து விட்ட நம் போன்றவர்களும் பழகக் கூடிய நான்கு பழக்கங்களை இங்கே பாடமாகத் தருகிறோம்.

முதற் பாடம்: கேட்கப் பழகுதல்

வியாபாரிக்கு வாய்ப்பேச்சு வேண்டும். தலைவருக்குக் காது வேண்டும். இதற்கு நம் சமூகத்திலேயே சிறந்த ஓர் உதாரணம் உண்டு. மர்ஹூம் ஹாஜி எஸ்.எம். முகம்மது இத்ரீஸ் 1926-ஆம் ஆண்டு தமிழகத்தில் பிறந்து, இளமையிலேயே பினாங்குக்கு வந்து வியாபாரியானவர். அவர் எந்தச் சங்கத்தின் தலைவராகப் பேர் பெற்றார்? வியாபாரிகள் சங்கத்துக்கு அன்று! 1969-இல் தொடங்கப்பெற்ற பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை ஆரம்ப காலந்தொட்டு, 2019 மே 17-ஆம் தேதி காலமாகும் வரை, ஏறக்குறைய அரை நூற்றாண்டு அவரே தலைமை தாங்கி நடத்தினார். விற்கிறவர் ஒருவர், வாங்குகிறவர்களின் சங்கத்துக்குத் தலைவரானார்.

அந்தச் சங்கத்தின் பலம் எதில் இருந்தது? சாதாரண ஜனங்கள் கொண்டுவந்த முறையீடுகளில் இருந்தது. வாங்கிய பொருள் பழுது, எடை குறைவு, கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தரவில்லை என்று வருகிறவர்களின் பேச்சைக் கேட்பது, விசாரிப்பது, உரிய இடத்துக்குக் கடிதம் எழுதுவது, பலருக்கும் பொதுவான விஷயமானால் பத்திரிகையில் வெளியிடுவது. சிகரெட்டையும் அதிகச் சர்க்கரையையும் எதிர்த்து அச்சங்கம் இடைவிடாமல் பிரசாரம் செய்தது. இவ்விரண்டும் நம் கடை அலமாரிகளில் உள்ள சரக்குகள் என்பதை நாம் அறிவோம். அவர் சொன்ன யாவும் நம் எல்லோருக்கும் சம்மதமாக இருந்திருக்க முடியாது. ஆனால் கல்லாவுக்கு அந்தப் புறம் நிற்கிறவருடைய நியாயம் என்ன என்று ஒரு வியாபாரி வாழ்நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதைச் சிந்திக்க வேண்டும். அதனாலேயே அவர் ஓர் ஊரின் வியாபாரியாக நின்று விடவில்லை. 1977-இல் சஹாபாட் ஆலாம் மலேசியா என்ற இயற்கைப் பாதுகாப்புச் சங்கமும், 1984-இல் மூன்றாம் உலக நாடுகளுக்கான ஓர் அமைப்பும் அவர் முன்னின்று நடத்திய முயற்சியால் உருவாயின.

நமக்கு இதில் லௌகிகமான பயனும் உண்டு. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி ஒரு நடுவர் மன்றம் இயங்கி வருகிறது. வாங்கியவர் 5 வெள்ளி கட்டி, வக்கீல் இல்லாமலே, 50,000 வெள்ளி வரையில் அங்கே நஷ்டஈடு கோரலாம். நம்மவர் கடையைப் பற்றிய முறையீட்டைச் சங்கத் தலைவர் முன்கூட்டிக் கேட்டு, இருவரையும் உட்கார வைத்துப் பேசித் தீர்த்திருந்தால், அந்தக் கடைக்காரர் மன்றத்தின் படியேற வேண்டியிராது. ‘நம்ம ஆள்’ என்பதற்காகக் குறையை மூடி மறைக்கும் தலைவர், அவருக்கு உபகாரம் செய்வதாக நினைத்து அபகாரமே செய்கிறார். 1972-ஆம் ஆண்டின் எடை அளவுச் சட்டப்படி வியாபாரத்தில் உள்ள தராசுகளுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைக்க வேண்டும். அளவிலும் நிறுவையிலும் குறைப்போரைக் கண்டித்துத் திருமறையில் 83-ஆவது அத்தியாயம் அவர்கள் பெயராலேயே அமைந்திருக்கிறது. சட்டமும் மார்க்கமும் ஒரே இடத்தில் நம்மை எச்சரிக்கும்போது, தலைவர் வாயை மூடிக்கொண்டிருக்கலாகாது.

இரண்டாம் பாடம்: எழுதப் பழகுதல்

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைச் சொல்லும் வசனமே திருக்குர்ஆனில் மிக நீளமான வசனம் என்பதை மதரஸாவில் ஓதிய நாம் அறிவோம். ஆயினும் பொதுக்காரியத்தில் மட்டும் ‘நமக்குள் என்ன எழுத்து?’ என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை.

அதன் விளைவு என்ன என்பதையும் பினாங்குச் சரித்திரமே காட்டுகிறது. கம்பெனியார் ஆட்சியில் நம் தமிழ் முஸ்லிம்களின் தலைவராயிருந்த காதர் முகைதீன் என்ற வணிகர், 1801-இல் கம்பெனியார் கொடுத்த நிலத்தில் பள்ளிவாசல் எழுப்பினார். அதுவே இன்று கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் என்று பேர் பெற்று விளங்குகிறது. அவரைப் போன்ற கொடையாளர்கள் சொத்துக்களையும் வக்பாக விட்டுச் சென்றார்கள். பின்வந்த தலைமுறைகளில் வக்புச் சொத்துக்களின் நிர்வாகத்தைக் குறித்துத் தகராறுகள் வளர்ந்தன. முடிவில் 1905-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் அரசாங்கம், முஸ்லிம், இந்து தர்ம சொத்துக்களுக்கென ஒரு சட்டம் இயற்றி, அவற்றை நிர்வகிக்க ஒரு வாரியத்தை ஏற்படுத்தியது. நம் முன்னோர் நமக்காக வைத்துப் போன சொத்தின் பராமரிப்பு, நம் கையை விட்டு அன்னியர் ஆட்சியின் கைக்குப் போயிற்று. கொடுத்த கை பெரிய கைதான். கணக்கு எழுதும் கை அதற்கு ஈடாக இல்லாமற் போனால் கொடை நிற்காது.

இன்று நம் சங்கங்கள் 1966-ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டத்துக்கு உட்பட்டவை. மகாசபை கூடிய 60 நாட்களுக்குள் ஆண்டறிக்கையையும் கணக்கையும் பதிவதிகாரிக்கு அனுப்ப வேண்டும். இது பலருக்குச் சுமையாகத் தோன்றுகிறது. மாதந்தோறும் எழுதுகிறவருக்கு இது ஒரு நாள் வேலை. வருஷக் கடைசியில் ரசீதுகளைத் தேடுகிறவருக்கே தலைவலி. சங்கப் பணத்தைக் கடைக் கல்லாவில் கலக்காதிருப்பது, ஒரு வெள்ளி வாங்கினாலும் ரசீது கொடுப்பது, கூட்டத்தில் எடுத்த முடிவை அன்றே எழுதிப் படித்துக்காட்டுவது ஆகிய மூன்றையும் ஒரு வருஷம் விடாமல் செய்தவருக்குத் தலைமையில் பாதி வந்து விட்டது எனலாம்.

மூன்றாம் பாடம்: படிக்கப் பழகுதல்

நம் தகப்பனார் காலத்து வியாபாரத்துக்கு அனுபவம் போதுமானதாக இருந்தது. இப்போது அனுபவத்தோடு படிப்பும் வேண்டும். 2015 ஏப்ரல் 1-ஆம் தேதி பொருள் சேவை வரி 6 சதவிகிதமாக வந்தது. 2018 ஜூன் 1-இல் அது சைபர் ஆயிற்று. அதே ஆண்டு செப்டம்பர் 1-இல் விற்பனை சேவை வரி திரும்பி வந்தது. மூன்றரை வருஷத்துக்குள் மூன்று விதமான ஏற்பாடு! 2025 பிப்ரவரி 1 முதல், ஐந்து பேருக்குக் குறையாமல் ஆள் வைத்திருப்போர் குறைந்தபட்சச் சம்பளமாக 1,700 வெள்ளி கொடுக்க வேண்டுமென்றாயிற்று; அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் அது சிறு கடைகளுக்கும் பொருந்திற்று. 2024 ஆகஸ்ட் 1-இல் பெருங் கம்பெனிகளோடு தொடங்கிய இ-இன்வாய்ஸ் என்னும் மின்னியல் பற்றுச்சீட்டு முறை, படிப்படியாகக் கீழே இறங்கி வந்தது. எந்த விற்றுமுதல் வரையில் சிறு வியாபாரிக்கு விலக்கு என்ற அளவு, முதலில் 150,000 வெள்ளி என்றிருந்து, 2025-இல் 500,000 வெள்ளி என்று உயர்த்தப்பட்டது. மாற்றம் அதோடும் நிற்கவில்லை.

இவற்றையெல்லாம் தேநீர்க்கடையில் காதில் விழுந்தபடி சொல்லுகிற தலைவரால் என்ன நன்மை? சென்ற வருஷத்துக் கணக்கை இவ்வருஷம் சொன்னால், கேட்டவர் தேவையில்லாமல் பயப்படுவார். அல்லது தேவையான பயமில்லாமல் இருந்து விடுவார். ஆகவே அறிவிப்பு எந்தத் தேதியிட்டது, எந்த இலாகாவிலிருந்து வந்தது என்று பார்த்துச் சொல்லப் பழக வேண்டும். மலாய் மொழியில் வரும் கடிதத்தை அகராதி வைத்தாவது நாமே ஒரு முறை படிக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒருவரே அறிய முடியாது. நிர்வாகக் குழுவில் ஒருவர் வரி, ஒருவர் தொழிலாளர் சட்டம், ஒருவர் மாநகராட்சி லைசன்ஸ் என்று பிரித்துக்கொண்டால் சுமை குறையும். ஹாஜி இத்ரீஸ் அவர்களும் எல்லாவற்றையும் தனியே செய்தவரல்லர். ஆராய்ச்சியாளர்களையும் சட்டம் படித்தவர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே காரியம் நடத்தினார். தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்பது தலைவருக்கு இழிவன்று. தெரிந்ததாகப் பாவனை செய்வதே இழிவு.

நான்காம் பாடம்: ஒப்படைக்கப் பழகுதல்

கடையை மக்களிடம் ஒப்படைக்க நமக்குத் தெரியும். 1957-இல் கோத்தா பாருவில் ஒரு சிறு கடையாகத் தொடங்கிய மைடின், பின்னர் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்துக்கு வந்து, மக்கள் தலையெடுத்து, இன்று நாடெங்கும் பேரங்காடிகளாகப் பெருகியிருக்கிறது. பொதுக்காரியத்துக்கும் இதே வழி உண்டு. திருச்சிராப்பள்ளியில் ஜனாப் எம். ஜமால் முகம்மது சாகிப், ஜனாப் என்.எம். காஜா மியான் ராவுத்தர் ஆகிய இரு வணிகப் பெருமக்களை நிறுவனர்களாகக் கொண்டு 1951-இல் ஏற்பட்ட ஜமால் முகம்மது கல்லூரி, எழுபது ஆண்டுகளைக் கடந்தும் நடந்து வருகிறது. மனிதர் போனாலும் அமைப்பு நிற்கும்படி செய்வதே அதன் ரகசியம்.

ஆனால் நம் சிறு சங்கங்களில் பல, தலைவரின் கைப்பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன. முத்திரை அவரிடம், வங்கிப் புத்தகம் அவரிடம், அதிகாரிகளின் பழக்கம் அவரிடம். அவர் படுக்கையில் விழுந்தால் சங்கமும் படுத்து விடுகிறது. பிறகு ‘இளைஞர்கள் வருவதில்லை’ என்று குறைப்படுகிறோம். கூட்டத்துக்கு நாற்காலி போட மட்டும் கூப்பிட்டால் அவர்கள் ஏன் வருவார்கள்? ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். அதிகாரியைப் பார்க்கப் போகும்போது கூட அழைத்துச் செல்லுங்கள். ஒரு மாதக் கணக்கை எழுத விடுங்கள். நம் வீட்டுப் பெண்மக்களில் கணக்கியலும் சட்டமும் படித்தவர்கள் இப்போது எத்தனையோ பேர். அவர்களுடைய படிப்பைச் சங்கம் பயன்படுத்திக்கொள்ளாமல் இருப்பது, வீட்டில் விளக்கிருக்க இருட்டில் தடவுவதை ஒக்கும். தலைவர் பதவியேற்ற அன்றே தமக்குப் பின் வரக்கூடிய இருவரைப் பழக்கத் தொடங்க வேண்டும்.

பயிற்சி

இந்தப் பாடத்தை வாசித்ததோடு நிறுத்தி விடாமல், அடுத்த மாதக் கூட்டத்தில் பின்வரும் கேள்விகளுக்கு உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் பதில் கொண்டுவர வேண்டுகிறோம்:

1. சென்ற மாதத்தில் வாடிக்கைக்காரர்கள் உங்களிடம் சொன்ன குறைகள் எவை? அவற்றுள் எது நியாயம்?

2. உங்கள் கடைத் தராசின் முத்திரை எந்தத் தேதியோடு முடிகிறது? கடையைப் பார்க்காமல் சொல்ல முடியுமா?

3. வரியையோ சம்பளத்தையோ பற்றிய அறிவிப்பு ஒன்றை நீங்களே முழுவதும் படித்து, நான்கு வரியில் தமிழில் எழுதிக் கொண்டுவாருங்கள்.

4. நாளை முதல் மூன்று மாதம் நீங்கள் ஊரில் இல்லையென்றால், உங்கள் பொறுப்பை யார் பார்ப்பார்? அவருக்கு இதுவரை எதைக் கற்றுக் கொடுத்தீர்கள்?

நிர்வாகிகளும் பதில் கொண்டுவர வேண்டும். அவர்களே முதலில் படிக்க வேண்டும். கடையில் பையனைப் பழக்க வருஷங்கள் செலவிடுகிற நாம், நம்மைப் பழக்கிக்கொள்ள மாதம் ஒரு மாலையாவது செலவிடலாகாதா? வல்ல அல்லாஹ் நம் முயற்சியில் பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.